பாப்பா பெரிசாக வேண்டும்

ஞானமுத்து டாக்டர் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் காத்திவாக்கத்துச் செங்கேணி. திருவொற்றியூர்த் தேரடிக் கூட்டத்தில் தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். "நர்ஸம்மா, நம்ம நைனா பூட்டாரு" என்றாள். நடுத்தெருவில் நின்றே இருவரும் அழுதோம்.

ராயபுரத்தில் அவரிடம் வைத்தியத்துக்கு வந்த உங்களுக்கெல்லாம் அவருடைய முன்கோபம் தெரியும். கண்வலிக்குத் தாய்ப்பால் விட்டுக்கொண்டு வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். திட்டி முடித்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். நர்ஸாக இருந்த நானும் வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செங்கேணிக்கு ஒரு கண் சிறுவயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணும் ஒருநாள் சிவந்து, வெளிச்சம் பட்டாலே வலியில் துடித்தாள். கண்ணுக்குள்ளே கடுமையான அழற்சி. "பாப்பா சுருங்கி உள்ளே ஒட்டிக்கிட்டா பார்வை போயிடும். அது பெரிசாவே இருக்கணும்" என்று சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார் டாக்டர். கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தைத்தான் அவர் சொன்னார். அவளோ அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

சில நாளில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கண் முன்னைவிட மோசம். மருந்தைத் தொடவே இல்லை.

"பாப்பா பெர்சாய்ட்டா பெத்துக்கறது கஷ்டமாச்சே நைனா" என்றாள்.

திட்ட வாயெடுத்த டாக்டர் சட்டென்று அந்த மருந்தைத் தம் கண்ணொன்றில் விட்டுக்கொண்டார். "எனக்கு வயித்துலயா பாப்பா இருக்கு? எது பெரிசாகுதுன்னு பாரும்மா" என்று மாமியார் எதிரில் உட்கார்ந்தார்.

கிழவி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "அடியே, கண்ணுக்குள்ள கீற பாப்பாவாம்டி" என்றாள்.

செங்கேணியை அங்கேயே தங்கவைத்து ஒத்தடமும் மருந்துமாகப் பார்த்தோம். டாக்டரோ மருந்து விட்ட கண் மங்கிப்போய், ஒரு வாரம் அதை மூடிக்கொண்டு பேப்பர் படித்தார். நான் சிரித்ததற்கும் திட்டு விழுந்தது.

பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாப்பா பெர்சாத்தான் கீது நைனா. மூஞ்சி நல்லா தெர்து" என்றாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் 'கறுப்பு வட்டம்' என்றே சொன்னார். "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை. அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. மருந்து கொடுக்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

தேரடியில் அன்று செங்கேணியின் கண்ணைப் பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். அழுது சிவந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை, டாக்டர்.