கேனில் போட்ட பென்சில் கோடு

என் தங்கை வீட்டுக்காரர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். நான் தச்சன். இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. பாலிஷுக்கு அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். குடி முற்றிப்போன காலத்தில் அந்த ஸ்பிரிட்டையே குடித்து, சாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியவர் அவர்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பல வருஷமாகத் தூக்கமில்லாமல், செத்துப்போகலாமா என்று யோசித்துக்கொண்டே அந்த மனுஷன் நடமாடியிருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. குடிகாரன் என்று கரித்துக்கொட்டிய எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

திரும்பி வந்தவரிடம் வேறு வேலை பார்க்கச் சொன்னேன். தெரிந்த தொழில் இது ஒன்றுதான் என்றார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சேர்த்துக்கொண்டேன். தினமும் அவர் கிளம்பிய பிறகு, காதில் செருகிய பென்சிலை எடுத்து, வெள்ளைக் கேனில் ஸ்பிரிட் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு போடுவேன். காலையில் முதல் வேலையாக அதைப் பார்ப்பேன். எட்டு மாதம் எந்த ராத்திரியிலும் மட்டம் கோட்டை விட்டு அசையவில்லை.

ஒரு திங்கட்கிழமை கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவரிடமும் பட்டறைச் சாவி உண்டு. வாங்க, போங்க என்றே பேசிப் பழகிய வாய் அன்றைக்குத் தடம்புரண்டது.

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா? என் தங்கச்சிய நடுத்தெருவுல நிறுத்தாம ஓயமாட்டியா நீ?"

அவர் கேனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேனைத் தூக்கினேன். மூடி கையோடு வந்தது. சனிக்கிழமை கோடு போட்ட பிறகு, விரலில் ஒட்டிய பசையைத் துடைக்க ஸ்பிரிட் ஊற்றியவன் நான். மூடியைத் திருகாமல் விட்டவனும் நான். ஞாயிறு முழுக்கத் தகரக் கூரையில் வெயில். மூடாத ஸ்பிரிட் ஆவியாகிவிடும் என்பது பட்டறைக்கு வந்த முதல் வாரமே தெரிகிற சங்கதி. முப்பது வருஷத் தச்சன், புத்தியைக் கடன் கொடுத்துவிட்டேன்.

போனை அவர் எடுக்கவில்லை. இரண்டு மதுக்கடைகளில் போய்த் தேடினேன். பிழைத்து வந்த மனுஷனை நானே பிடித்துத் தள்ளிவிட்டேன் என்று தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மூன்று மணிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. வெட்கக்கேடு, அப்போதும் என் மூக்கு மோப்பம் பிடித்தது. வாடை இல்லை.

"குடிக்கணும்னுதான் மச்சான் போனேன். கடை வாசல்ல நின்னேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி, டாக்டரம்மாகிட்ட அழுதுட்டு வந்துட்டேன்."

மூடி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, பாதியில் விட்ட மேசை முன்னால் உட்கார்ந்தார். கேனைத் திறந்தார், பஞ்சை நனைத்தார், தேய்த்தார். நான் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முழத் தூரத்தில் அந்த வாசனை. இதை இவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறார்! நான் வேவு பார்த்தது நாளுக்கு ஒரு தடவை. அவர் வேண்டாம் என்று சொன்னது கேனைத் திறந்த ஒவ்வொரு தடவையும்.

சாயங்காலம் கேனை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"கோடு போடுங்க மச்சான். இனிமே நான் இருக்கும்போதே போடுங்க, எனக்கும் அது வேணும். மூடிய மட்டும் நல்லாத் திருகிடுங்க."

பென்சிலை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டைப் போட்டு, மூடியை இறுகத் திருகினேன்.