எட்டு மணிக்கு மேல் திரும்பாத குமிழ்

காதுக்காரர் என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காது மெஷின் விற்கும் கடையில் பதினேழு வருடமாக வேலை. சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்பார். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது அந்த வாக்கியத்தைச் சொல்வார். வீட்டில் அவருக்குப் பேசக் கிடைத்த வாக்கியங்கள் அதைவிடக் குறைவு. காரணம், அவர் வீட்டோட மாப்பிள்ளை.

"மூணே மாசம், வேற வீடு கிடைக்கற வரைக்கும்" என்று மனைவியிடம் சொல்லித்தான் மாமனார் வீட்டுக்குக் குடிவந்தார். அந்த மூன்று மாதம் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வரும்போது அவர் கொண்டுவந்த அசையும் சொத்து, ஒரு கனத்த ஆம்ப்ளிஃபயரும் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும். ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் உள்ளங்கை நிறைய ஒரு வால்யூம் குமிழ். அதில் எண்கள் கிடையாது, ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பாட்டுப் பைத்தியங்கள் அந்தக் கோட்டைக் கடிகார முள்ளாகப் படிப்பார்கள். ஏழு மணியில் நின்றால் மௌனம். பத்தில் பாட்டு. பன்னிரண்டில் பக்கத்து வீடு. அதற்கு மேலே போய்விட்டுத் திரும்பிவந்து விவரம் சொன்னவர் யாருமில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். கோடு போட்ட எதைக் கண்டாலும் அது ஓர் அளவுக் கருவி என்பது அவர் முடிவு. குடிவந்த அன்றே ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ள, இதுல எது அளவு?"

"அப்படி அளவுன்னு ஒண்ணும் இல்ல மாமா. பாட்டைப் பொறுத்து மாறும். சிலது எட்டுலயே கத்தும், சிலது பத்துலயும் முணுமுணுக்கும்."

"பாட்டைப் பொறுத்து மாறுமா? சர்க்கரையப் பொறுத்து கிலோ மாறுமா?"

மாமனார் மகளின் நெயில் பாலிஷை வாங்கி, எட்டு மணிக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். ஒரு நோட்டில் தேதி எழுதி, மாப்பிள்ளையின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

எட்டு மணியில் என்ன கேட்கும்? இந்த வகைக் குமிழ்களுக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. கோடு ரொம்பக் கீழே இருந்தால் சத்தம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாது. அந்த வீட்டில் இடது ஸ்பீக்கரில் பாடகி மட்டும் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். வலது ஸ்பீக்கரில் இருக்கவேண்டிய வாத்தியக்காரர்கள் ஒன்பது வருடமாக வேலைக்கே வரவில்லை. அதன் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

ஒன்பதாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் பிளேடால் பழைய புள்ளியைச் சுரண்டிவிட்டு ஒன்பது மணியில் புதிதாக ஒன்று வைத்தார். ஐந்து மாதம் கழித்துப் பத்துக்கு ஏற்றினார்.

"பாத்தீங்களா, அப்பாக்கு உங்க மேல பாசம் வந்துடுச்சு" என்றார் மனைவி.

வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பூச்சாடிக்குக் கீழே ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். காதுக்காரர் கண் கலங்கிவிட்டார். ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. பாசம் இப்படி ஐந்து மாதத்துக்கு ஒரு மணி வீதம் ஏறாது. காதுதான் அப்படி இறங்கும். இது அவருக்கு அன்றைக்கே தெரியும். கூடவே, கடைத் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்ற உயர்ந்த கொள்கையும் அன்று மாலையே அவருக்குள் பிறந்தது.

கொள்கைக்குத் தண்டனை சீக்கிரமே கிடைத்தது. மாமனார் அந்த ஆம்ப்ளிஃபயரில் ரேடியோவை இணைக்கச் சொல்லி, காலையிலும் மாலையிலும் செய்தி கேட்கத் தொடங்கினார். புள்ளி பதினொன்றுக்குப் போனது, பிறகு பன்னிரண்டுக்கு. செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கினால் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. மேசையிலிருந்த டம்ளர்கள் வெள்ளச் செய்திக்கு ஒரு அங்குலம், தேர்தல் செய்திக்கு இரண்டு அங்குலம் என்று நகர்ந்தன. காதுக்காரர் ஒருநாள் நைசாகக் கோட்டைப் பத்துக்கு இறக்கினார்.

"மாப்ள! கோடு புள்ளிக்குக் கீழ நிக்குது. குறைச்சு அளக்கறதுக்குப் பேர் என்ன தெரியுமா? மோசடி. எத்தனை கடைய மூடியிருக்கேன்!"

ஊருக்கெல்லாம் காது திறந்துவிடும் மனிதர், தம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இப்படியே காலம் தள்ளியிருப்பார். ஒரு நாள் மதியம் கடை வாசலில் நின்றபோது, எதிரே மாமனார் சாலையைக் கடப்பதைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாமனார் திரும்பவில்லை. லாரி அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, மாமனாரின் மூன்று தலைமுறையையும் விசாரித்தான். மாமனார் புன்னகையோடு கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு லாரிக்காரன் வண்டிய நிறுத்தி வணக்கம் சொல்லிட்டுப் போறான். பழைய பழக்கமா இருக்கும்" என்றார் சாயங்காலம்.

சொன்னால் குமிழ் எட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் மாமனாரே போய்விடுவார். இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கக் காதுக்காரருக்கு முழுசாக இரண்டு நாள் தேவைப்பட்டது. அந்த இரண்டு நாளை இந்தக் குறிப்பில் மறைத்தால் அதுவும் குறைச்சு அளந்ததாகிவிடும்.

மூன்றாம் நாள் மனைவியிடம், "உங்க அப்பாக்குக் காது சரியா கேக்கல" என்றார்.

"எப்பலேருந்து?"

"இப்ப... கொஞ்ச நாளா."

"ரெண்டு வருஷமா புள்ளி ஏற ஏற உக்காந்து ரசிச்சீங்களே, அப்பவே தெரியுமா?"

காதுக்காரர் காதிலிருந்த பஞ்சைச் சரிசெய்துகொண்டார்.

"பேசறது கேக்குதா, இல்ல உங்களையும் கூண்டுக்குள்ள உக்காரவெச்சுப் பாக்கணுமா?"

மறுநாள் மாமனாரைக் கடைக்கு அழைத்துப்போனார்கள். அவர் கூண்டுக்குள் போகவில்லை. சோதனைக் கருவியின் பின்பக்கம் குனிந்தார். அளவு சரி என்று ஒட்டியிருந்த சான்றுச் சீட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார்.

"காலாவதியாகி மூணு வாரமாச்சு. இந்த மெஷின் சொல்றது எதுவும் செல்லாது!"

தம் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்கே தெரியாதல்லவா. காத்திருந்த நான்கு பேருக்கும், காது மந்தம் என்றுதான் வந்திருந்தும், அது தெளிவாகக் கேட்டது. நான்கு பேரும் எழுந்து போனார்கள். முதலாளி காதுக்காரரைப் பார்த்த பார்வைக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

சீட்டைப் புதுப்பிக்கும் ஆள் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. மதிய இடைவேளை ஒவ்வொன்றிலும் காதுக்காரர் மாமனாருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்து, வரும் வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினார்.

"என்ன மாப்ள, வால் மாதிரி? கடையில வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்ல மாமா, சும்மா ஒரு நடை."

"என்ன, கடையா? எந்தக் கடை?"

புதுச் சீட்டு ஒட்டியதும் மாமனார் மறுபேச்சில்லாமல் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். வரைபடம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. "முத்திரை சரியா இருக்கு. அப்ப என் காதுதான் தப்பு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காது மெஷினை மாட்டிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஒரு சைக்கிள் மணிக்கே துள்ளி ஓரம் ஒதுங்கினார். காதுக்காரர் பன்னிரண்டு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

"ஏன் மாப்ள இப்படிப் பெருமூச்சு விடறீங்க? தலைவலிக்குது."

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பிளேடைத் தேடினார். புதிய புள்ளி எட்டில்கூட விழவில்லை. ஏழேகாலில் விழுந்தது.

"சரி, உங்க பாட்டு ஒண்ணு போடுங்க. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

காதுக்காரர் போட்டார். மாமனார் நாற்காலியை ஸ்பீக்கருக்கு ஒட்டி இழுத்துப் போட்டு, காது மெஷினின் சின்னச் சக்கரத்தை முழுசாகத் திருகிவிட்டுக் கண்ணை மூடினார். கால் தாளம் போட்டது. தலை ஆடியது. அறையின் மறு கோடியில் காதுக்காரர் ஆம்ப்ளிஃபயர் விளக்கைப் பார்த்தார், எரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். மாமனாரின் கால் தாளம் மட்டும்தான் கேட்டது.

"அடடா, அருமையான பாட்டு! தினமும் இப்படியே கேக்கலாம். உங்களுக்குக் கேக்குதா மாப்ள?"

பதினேழு வருடமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்தவர்கள் வெட்கத்தோடு தம்மிடம் சொல்லிய பொய்யை, முதல்முறையாகக் காதுக்காரர் தம் வாயால் சொன்னார்.

"நல்லாக் கேக்குது மாமா."