விளிம்பில் எழுதிய செப்புக்காசு

தஞ்சாவூரில் நர்ஸிங் படித்து இங்கிலாந்துக்குப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். நான் ஒரு டப்பா நிறையச் செப்புக்காசு கொண்டுவந்தேன்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடாம். அரசாங்கம் போதிய காசு அடிக்காததால் கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளும் தாங்களே செம்பில் அடித்துப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். கப்பல், தறி, செம்மறியாடு என்று ஆளுக்கொரு படம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பழைய சாமான் சந்தையில் ஒன்றைப் பார்த்தேன். அதில் ஒரு கதிர்க்கட்டு. கோதுமைதான், எனக்கென்னவோ எங்கள் வயலில் அறுத்துப் போட்ட நெற்கட்டாகவே தெரிந்தது. வாங்கினேன். அப்புறம் விட முடியவில்லை.

அந்த விடுமுறையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை; சொந்த ஊர் வேளாங்கண்ணிப் பக்கம். கார் வாசலில் நின்றபோது நான் மேஜையில் காசுகளைப் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, அவங்க வந்துட்டாங்க! இந்தப் பித்தளையை எல்லாம் எடுத்து உள்ள வை!" என்றார் அம்மா.

"பித்தளை இல்லம்மா, செம்பு" என்று நான் சொல்வதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "செல்லாத காசாம்மா?"

"ஆமாங்க. எப்பவோ செல்லாமப் போச்சு."

அப்பா கனைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் ஒரு காசை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஏங்க, ஓரத்துல என்னமோ எழுதியிருக்கே, பார்த்தீங்களா?"

பார்த்ததில்லை. இத்தனை நாளும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும்தான் பார்த்திருக்கிறேன். விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில், எந்த ஊரில் யார் கடையில் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்கவேண்டும் போலவும் இருந்தது. ஒவ்வொரு காசாக எடுத்து இருவரும் படிக்க ஆரம்பித்தோம். கேசரி ஆறிப்போயிற்று.

"டேய், முதல்ல பொண்ணைப் பாருடா!" என்றார் அவர் அம்மா.

"பார்த்துட்டேம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "இதுல எழுத்து தேஞ்சிருக்கு. டார்ச் இருந்தா குடுங்களேன்."

அப்பா பம்புசெட்டுக்குக் கொண்டுபோகும் டார்ச்சை எடுத்துவந்து தானே பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பேச்சு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கல்யாணமாகி என்னோடு இங்கிலாந்துக்கு வந்தவருக்குக் கொஞ்ச காலம் வேலை கிடைக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தால் அவரே சந்தைக்குப் போய்விடுவார். ஒருமுறை டியூட்டி முடிந்து நானும் அவசரமாகச் சந்தைக்கு ஓடி ஒரு தேன்கூட்டுக் காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கதவைத் திறந்து, பெருமையாகக் கையை விரித்துக் காட்டினார். அதே தேன்கூடு.