சேவூர் மாடியில் ஒரு திருட்டுப் போன்

ஊரே ஆடித் தள்ளுபடிக்கு அலைந்துகொண்டிருந்த வாரத்தில், ஈரேழு உலகமும் சுற்றிய மாபெரும் பயணியாகிய நான் ஆரணிக்குப் புறப்பட்டேன். அக்கா மகள் சுகன்யா சேவூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நானும் லேப்டாப்பில் கணக்கு எழுதிப் பிழைப்பவன்தான். அவள் வீட்டில் உட்கார்ந்து வேலையையும் பார்க்கலாம், விருந்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று திட்டம்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு ஏறினால் பத்தரைக்குள் ஆரணி. சன்னலோர இருக்கைக்கு நான் நடத்திய போரைப் பற்றி வருங்காலம் பேசும். அங்கிருந்து சேவூருக்கு ஆட்டோ.

“நூத்தம்பது குடுங்க சார்.”

“நான் ஆட்டோவை விலைக்கு வாங்க வரலப்பா.”

“வாங்கிக்கினாலும் ஓட்டப்போறது நான்தான? நூத்திருவது, ஏறுங்க.”

வீட்டின் கீழ்த்தளத்தில் விசைத்தறிகள். அந்தச் சத்தத்தில் என் எலும்புகள் இடம் மாறி உட்கார்ந்தன. மாடியில் சுகன்யா பட்டுச் சேலைகளுக்கு பார்டர் வரைகிறாள். முதலாளி தனசேகர் ஆரணிக்காரர், சென்னையில் கடை.

“வைஃபை பாஸ்வேர்டு சொல்லும்மா.”

“உங்களுக்கு கெஸ்ட் வைஃபை மாமா. வேலைக்கு இருக்கற லைன் தனி.”

“தாய்மாமனுக்கே கெஸ்ட்டா? என் மடியில உக்காந்துதான் காது குத்திக்கினே!”

“காது குத்துனது மடியில. வைரஸ் ஏறறது லேப்டாப்புல.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்காக ஒரு மாதம் வரைந்த அன்னப்பட்சி பார்டர் அன்றுதான் முடிந்திருந்தது. அந்த ஃபைல் வெளியே போனால் வேறொருவன் முந்திக்கொண்டு நெய்துவிடுவான். உழைப்பும் போகும், வேலையும் போகும்.

மதியம் அவள் கை முழுக்க தோசை மாவு. போன் அடித்தது. “ஸ்பீக்கர்ல போடுங்க மாமா.”

“சுகன்யா, தனசேகர் பேசறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, இது நண்பர் நம்பர். பார்டர் ஃபைலை இதுல வர்ற லிங்க்ல உடனே ஏத்திடும்மா. பெங்களூருக்குப் போய்கிட்டு இருக்கேன்.”

சாட்சாத் அவர் குரலேதான்! “முதலாளி காத்திருக்காரும்மா!” என்று உலகைக் காக்கும் வேகத்தில் அவள் லேப்டாப்புக்குப் பாய்ந்தேன். மாவுக்கையோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். போனைத் துண்டித்தாள்.

“போய்கிட்டா? எங்க தனசேகர் அண்ணன் ஆரணிக்காரரு, பொறந்ததிலேர்ந்து ‘போய்கினு’ன்னுதான் மாமா சொல்வாரு!”

தன் போனில் ஏற்கெனவே இருந்த அவர் எண்ணுக்குத் தானே அடித்து, நடந்ததைச் சொன்னாள்.

“பெங்களூரா? நான் கண்ணமங்கலத்துல டீ குடிச்சிகினு இருக்கேன்மா. ஐயோ, டிசைன் போயிட்சா?”

“போவலண்ணே. பத்திரமா இருக்குது.”

“அப்பாடா! பேஜாராயிருக்கும். யார் தடுத்தது?”

“நான்தான். அனுப்பப் பாத்தது எங்க மாமா.”

அவர் சிரித்த சிரிப்பில் கீழே தறிகளே அடங்கிவிட்டன.

வெளியூரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களே, கேளுங்கள். குரலையும் இப்போது கம்ப்யூட்டர் திருடுகிறது. அவசரம் என்று எவன் சொன்னாலும் துண்டித்துவிட்டு, தெரிந்த எண்ணுக்கு நீங்களே அடியுங்கள். பேருந்து நிலைய இலவச வைஃபையில் அலுவலக வேலையைத் திறக்காதீர்கள். லேப்டாப்பைப் பூட்டாமல் எழுந்து போகாதீர்கள், வீட்டில் என்னைப் போன்ற மாமா இருந்தால் நிச்சயமாக.

அடுத்த திருடன் ஆரணிப் பேச்சும் கற்று வரலாம் என்று, ஃபைல் கேட்கும்போதெல்லாம் சொல்ல ஒரு ரகசியச் சொல்லைச் சுகன்யாவும் தனசேகரும் முடிவு செய்துகொண்டார்கள். ஊர் திரும்பும்வரை கெஞ்சினேன், மிரட்டினேன், பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். பாதுஷாவைத் தின்றாள். சொல்லைச் சொல்லவில்லை. இத்தனை பெருமையோடு நான் தோற்றதே இல்லை.