தாளின் பின்பக்கம்

அந்துருண்டை வாசம் எங்களுக்கு முன்னால் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டது. கொட்டாம்பட்டி நிறுத்தம், காலை ஏழரை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற வண்டி. என் அக்கா பேச்சியம்மாள் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்த பச்சை நூல்சேலையின் வாசம் அது.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் தெற்குத் தெருவின் சாயங்காலங்களுக்கு இந்த வாசம்தான். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், அக்கா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ராப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள் என்று. பகலெல்லாம் அடுத்தவர் வயலில் களை பறித்த பெண்கள் மந்தைக் கொட்டகையில் கூடி எழுத்துப் படிப்பார்கள். சொல்லிக்கொடுத்தவள் அவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி அதே தெருவின் மறுமுனைக்குப் போனவள். ஒரு நல்ல சேலை, ஒரு விளக்கு, ஒரு பெட்டி சுண்ணாம்புக்கட்டி. அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

நான் ஓரிடத்தில் தங்காதவன், ஊர் ஊராகப் போய் எழுதுகிறவன். முந்தின நாள்தான் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தேன், இரண்டு நாள் இருந்துவிட்டுத் தென்காசிப் பக்கம் போகும் உத்தேசத்தோடு. அக்காதான் பின்வாசலில் வைத்துச் சொன்னாள்: "நாளைக்கு என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போறியா? மச்சான்கிட்ட கண்ணாஸ்பத்திரின்னு சொல்லியிருக்கேன்." எங்கள் பக்கத்தில் மதுரைக்குப் போக அதைவிட நல்ல காரணம் கிடையாது. யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

மேலூரில் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இதே வண்டி நேராக மதுரைக்குத்தான் போகிறது என்றேன்.

"இதுல டிக்கெட்டு. மேலூர்லருந்து டவுன் பஸ்சு, பொம்பளைகளுக்குச் சும்மா."

"ஒனக்குச் சும்மா. எனக்கு?"

"நீ ஆம்பளையாப் பொறந்ததுக்கு நான் என்னடா பண்ண?"

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அதை இரண்டாக வெட்டி, மேலூர் நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்த் தேநீர் குடித்து, நெரிசலில் நின்று, ஒருவழியாக இடம் கிடைத்து உட்கார்ந்தோம். வெளியே ஒருபோகம் அறுத்த வயல்கள் வெளுத்துக் கிடந்தன. நடுநடுவே மனை விற்கும் கற்கள், மஞ்சள் தலையோடு. ஒத்தக்கடை யானைமலை தெரிந்தபோதுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"எஸ்தர் டீச்சர் காயிதமெல்லாம் காலேசு நூலகத்துல இருக்காம்டா. போன மாசம் ஒரு சாவு வீட்டுல சொன்னாக."

எஸ்தர் டீச்சரை எனக்கும் தெரியும். மதுரையில் மிஷன் பள்ளி ஆசிரியை. வேலை நேரம் போக, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் சங்கம் ஒன்றை நடத்தினார். அக்காவின் ராப்பள்ளி அந்தச் சங்கத்தினுடையது. டீச்சர் இறந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. வீட்டைக் காலி செய்தவர்கள் சங்கத்தின் தாள்களையும் அவருடைய சொந்தத் தாள்களையும் பிரிக்கத் தெரியாமல் மொத்தமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"அதுல நான் எழுதுனது இருக்கு. அத வாங்கி அடுப்புல போட்டுரணும். அம்புட்டுதான்."

"என்ன எழுதுன?"

"ஒனக்கெதுக்கு?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே, "மகன் காதுல விழுந்தா அவன் அப்பன் முகத்துல முழிப்பானா?" என்றாள்.

பத்து மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி நிலையம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். அக்கா அவரை 'மாப்ள' என்று கூப்பிட்டு நூற்றிருபதுக்கு இறக்கினாள். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்களின் கையிலும் இப்படி நடக்கும் என்பதுதான் சேதி.

நூலகத்தின் பின்கட்டில் முதல் மாடி. கதவைத் திறந்ததும் அதே அந்துருண்டை. அக்கா தன் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அறை முழுக்க இரும்பு அலமாரிகள். அவற்றில் சாம்பல்நிற அட்டைப்பெட்டிகள், நாடா கட்டி, எண் ஒட்டி. யாரோ விட்டுப்போன வாழ்க்கைகள் வரிசையில் நின்றன. பையை வெளியே வைக்க வேண்டும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான். ஜன்னலோர மேசையில் ஒரு பெண் மட்டும் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் ஜெபமணி. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கயிறு கோத்த கண்ணாடி. அக்காவின் ஆதார் அட்டையை வாங்கினார், விஷயத்தைக் கேட்டார், கணினியில் தட்டினார். முகம் மாறியது. அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அம்மா... தப்பா நெனைக்காதீங்க. இவங்க எறந்துட்டாங்கன்னு போட்டிருக்கு."

"யாரு?"

"பேச்சியம்மாள், தெற்குத் தெரு. எஸ்தர் டீச்சர் சங்கத்து ஆசிரியை."

பக்கத்தில் நிற்கிறாள், சேலை வாசம் வருகிறது, மேலூரில் குடித்த தேநீரின் ஏலக்காய்கூட இன்னும் வாயில் இருக்கும். ஆனால் இந்தக் குளிரூட்டிய அறையில் அவள் செத்து நாளாகிறது. அக்கா தன் கையைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டாள்.

ஜெபமணி விளக்கினார். உயிரோடு இருப்பவரின் சொந்தக் கடிதங்களை அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் காட்டுவதில்லை என்பது காப்பக வழக்கம். இறந்துவிட்டால் திறந்துவிடுவார்கள். அதனால் பெட்டியில் கடிதம் உள்ள ஒவ்வொருவருக்கும் சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அக்காவுக்குப் போனது திரும்பி வந்துவிட்டது. அந்த உறையையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். எதையும் தூக்கியெறியத் தெரியாத தொழில். உறையின் மேல் சிவப்பு மையில் ஒரு வரி: பெறுநர் இறந்துவிட்டார்.

அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"டே, இது கறிவேப்பிலப் பேச்சிடா! அவ எழவ எனக்கு எழுதிட்டாங்கெ!"

எங்கள் குலசாமி பேச்சியம்மன். தெருவில் வீட்டுக்கொரு பெண்ணுக்கு அந்தப் பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். அதனால் பெயரை யாரும் பெயராகப் பாவிப்பதில்லை. தோட்டத்தில் கறிவேப்பிலை வைத்திருந்தவள் கறிவேப்பிலைப் பேச்சி, அக்கா ராப்பள்ளிப் பேச்சி. அடையாளம் எழுதாமல் தெற்குத் தெருவுக்கு வரும் தபாலைப் பழைய தபால்காரர் நின்று விசாரித்துத்தான் கொடுப்பார். புதிதாக வந்தவர், பேச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று யாரோ சொன்னதை அப்படியே எழுதித் திருப்பிவிட்டார்.

என் சிரிப்புதான் முதலில் நின்றது. "அப்படின்னா கடிதங்களைத் திறந்துட்டீங்களா?"

ஜெபமணி ஜன்னலோர மேசையைப் பார்த்தார். அங்கே இருந்த பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கயல் என்று பெயர், பக்கத்து ஊரான பரவைக்காரி. ஆராய்ச்சி மாணவி என்று பிறகு தெரிந்தது. அவள் முன்னால் விரித்துக் கிடந்த பெட்டி எஸ்தர் டீச்சருடையது. மேலே இருந்த தாளில் அக்காவின் கையெழுத்து. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, 'ழ'வின் கொக்கியை அவள் போடுகிற விதம்.

"நீங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வருசமா உங்களத்தான் படிச்சிட்டிருக்கேன். நீங்க... இல்லேன்னு..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளைத் தொடவில்லை. "நீயே வாசி. எனக்குக் கண்ணு சரியில்ல," என்றாள். கயல் தயங்கினாள். நான் வாங்கி வாசித்தேன்.

அது சங்கத்தின் மாத அறிக்கை. முன்பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள்: வகுப்பு நடந்த நாட்கள், நடக்காத காரணம், வந்தவர்கள் பெயர். பெயர்களை அந்தப் பெண்களே எழுதியிருந்தார்கள். கோடு தாண்டி, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. நடக்காத காரணம் என்ற கட்டத்தில் அக்கா எழுதியிருந்தாள்: மழை.

திருப்பினேன். பின்பக்கம் நெருக்க நெருக்கமாக எழுத்து.

'டீச்சர், முன்பக்கம் மழை என்று எழுதியிருக்கிறேன். மழை இல்லை. வீட்டுக்காரர் விளக்கை உடைத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். கண் வீங்கிவிட்டது, கயிற்றை இழுக்கையில் கிணற்றுச் சகடை பட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இவர் செத்துப்போனால் தேவலை என்று பேச்சியம்மனிடம் கேட்கிறேன். அப்படிக் கேட்கலாமா டீச்சர்?'

அந்த வீங்கிய கண் எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் விளக்கெண்ணெய் வாங்கி வந்தேன். சகடையைத் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த தாளைத் திருப்பினேன்: முன்பக்கம் மழை. அதற்கடுத்ததும் மழை. குடிக்கத் தண்ணீருக்கு மூன்று ஊர் நடந்த வருடம் அது. ஒரு சொட்டு விழாத வானத்திலிருந்து மாதாமாதம் என் அக்காவின் தாளில் மட்டும் மழை பெய்திருக்கிறது.

"ஏங்க்கா எங்க யார்கிட்டயும்...?"

"இன்லாண்டு லெட்டரு வாங்குனா எதுக்கும்பாரு. இது சங்கத்துத் தாளு, போய்த்தான் ஆகணும். அவருக்கு எழுத்து தெரியாது. கட்டம் போட்ட பக்கம் மேல இருந்தா கணக்குன்னு விட்டுருவாரு." அவ்வளவு சொல்லிவிட்டு ஜெபமணியிடம் திரும்பினாள். "குடுத்துருங்க சார். எரிச்சுர்றேன்."

ஜெபமணி மன்னிப்புக் கேட்டார், ஒருமுறை அல்ல. ஆனால் தாளைத் தர முடியாது என்றார். "முன்பக்கம் சங்கத்துதும்மா. பின்பக்கம் உங்களுது. தாளு ஒண்ணாப் போச்சு."

நான் குரலை உயர்த்தினேன். உயிரோடு இருப்பவளைச் சாகடித்துவிட்டு இப்போது சட்டம் பேசுகிறீர்களா என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வழிகளைச் சொன்னார். முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து வாசகர்களுக்குக் கொடுக்கலாம். அசலை உள்ளே வைத்துப் பூட்டலாம். கயல் மெதுவாகக் குறுக்கிட்டாள்.

"அம்மா, நான் உங்க பேரை எங்கயும் இன்னும் எழுதல. வேணாம்னா எல்லாத்தையும் அழிச்சுர்றேன். ஆனா முன்பக்கம் மட்டும் இருந்தா, எனக்கு அப்புறம் வர்றவங்க மழைன்னுதான் எழுதுவாங்க."

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு ஜெபமணி பக்கம் திரும்பினாள்.

"சரி. மொத்தமாப் பூட்டுனா எம்புட்டு நாளைக்குப் பூட்டுவீக?"

"நீங்க சொல்றதுதாம்மா. உங்க காலம் வரைக்கும். இல்ல, உங்க வீட்டுக்காரர் காலம் வரைக்கும்னு போட்டுக்கலாம். அவர் போனப்புறம் தொறக்கலாம்."

வீட்டில் மச்சான் கட்டிலில் கிடக்கிறார், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து மூன்றாவது வருடம். அடித்த கைக்கு இன்று கரண்டி பிடிக்க வராது. அக்காதான் ஊட்டுகிறாள்.

"அவரு எப்பச் சாவாருன்னு ஒருத்தி காத்துக்கிடந்தது போதும் சார்," என்றாள் அக்கா. "இந்தப் புள்ளையும் படிப்ப வச்சுக்கிட்டு அதுக்குக் காத்துக்கிடக்க வேணாம். தொறந்தே கெடக்கட்டும்."

அடுப்பில் போடப் புறப்பட்டு வந்தவள்.

"பேரையாவது மறைச்சுர்றோம்மா," என்றார் ஜெபமணி.

"எதுக்கு? எங்க தெருவுல கெழடு கட்டைன்னு நாலஞ்சு பேச்சி. எந்தப் பேச்சின்னு எம்மவனே கண்டுபிடிக்கட்டும். ராப்பள்ளிப் பேச்சின்னு மட்டும் எழுதிராதீக." எழுந்து சேலையை உதறினாள். "அந்த எறந்துட்டாங்கறத மட்டும் அடிச்சுருங்க. பாக்க நல்லால்ல."

ஜெபமணி எங்கள் கண்முன்னாலேயே அதை நீக்கினார். சம்மதத் தாளில் அக்கா பென்சிலால் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, முன்பக்கங்களைப் புரட்டினாள். கண் நன்றாகவே தெரிந்தது. "இவ 'ம' போட ஒரு மாசம் எடுத்தா. இவ சுண்ணாம்புக்கட்டியக் கண்டாலே ஓடுவா. இந்தா, கறிவேப்பிலப் பேச்சி. எம்புட்டு நீளமா எழுதியிருக்கா பாரு!" கயல் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் இரண்டரைக்கு மாட்டுத்தாவணிக்குத் திரும்பினோம். வாசலில் ஆளுக்கொரு சாப்பாடு, நூறு ரூபாய். அக்கா ரசத்தை இரண்டாம்முறை கேட்டு வாங்கினாள். நான் தென்காசி வண்டி ஏற வேண்டும். தஞ்சாவூரில் என் அறை முழுக்கத் தாள்கள். எல்லாவற்றிலும் முன்பக்கம்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. அலைந்து திரிந்து ஊர்களை எழுதுகிறவனுக்கு, ஒரே தெருவின் மறுமுனை தெரியாமல் போயிருக்கிறது. காலையில் வந்த வழியிலேயே அக்கா திரும்பிப் போவாள், அதே வீட்டுக்கு, அதே ஆளிடம்.

இந்தமுறை அவள் டவுன் பஸ்ஸைத் தேடவில்லை. திருச்சி வண்டியில் ஏறி, ஜன்னல் வழியாக என்னிடமே டிக்கெட்டுக்குக் காசு கேட்டு வாங்கினாள்.

"இன்னொரு நாள் மதுரையில என்கூட இருந்துட்டுப் போயேங்க்கா," என்றேன். "மகன்கிட்டச் சொல்லிக்கலாம்."

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வண்டி குலுங்கியது. அக்கா கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தோளைத் தள்ளினாள்.

"வெலகி நில்லுடா, வண்டிய எடுத்துட்டான். ஆறு மணிக்கு மச்சானுக்கு மாத்தர குடுக்கணும், மருமகளுக்கு எதுன்னு தெரியாது. வாரேன்."