எதிர்த் தறிக்காரி

பின்வீட்டில் புதிதாக விசைத்தறி போட்டிருக்கிறார்கள். காலையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா ஞாபகம் வந்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு சத்தம் ஏது?

என் சின்ன வயதில், அப்பா இறந்த வருஷம், நானும் அம்மாவும் திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்தோம். தெருவில் யாரையும் தெரியாது. அம்மா ஒரு விசைத்தறி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தலையில் பஞ்சுத்தூசியோடு வருவாள், சோறு போடுவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவள் சிரித்த முகமே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க ஷெட்டுக்குப் போனேன். கஞ்சிப்பசை வாடை, காதை அடைக்கும் இரைச்சல். எதிர்த் தறியில் நின்ற பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் வாய் நிறையச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். “அந்த அக்காகிட்ட என்னம்மா பேசுவே?”

“அந்தச் சத்தத்துல பேச்சு எங்க கேக்கும்? அவ பேருகூடத் தெரியாது. சிரிப்பா, நானும் சிரிப்பேன். மனசு கொஞ்சம் லேசாவுது மக்கா.”

“என்னப் பாத்துச் சிரிக்க மாட்டேங்கியே.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஒன்னப் பாத்தா ஒங்கப்பா மொகம்லா தெரியுது” என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. நாளாக நாளாக அது நிஜச் சிரிப்பானது.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. எழுந்து வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

“என்னக்கா, ஏதும் வேணுமா?”

“ஒண்ணுமில்ல தாயி, சும்மாதான்.”

அவள் பதிலுக்குச் சிரிக்காமலே உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.