மாப்பிள்ளை விரல்

போர்வையை விலக்கியதும் வலது கால் கட்டைவிரலைத்தான் முதலில் பார்க்கிறார் தேவானந்தம். லேசாக அழுத்தியும் பார்க்கிறார். சிவப்பில்லை, வீக்கமில்லை, வலியுமில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள். இவருக்கு முகம் தொங்கிப்போகிறது. "இன்னைக்கும் வரலையா மாப்ளே?" என்று விரலிடம் கேட்டுவிட்டுக் காபி போட எழுந்து போகிறார்.

சேலையூரில் முதல் மாடி வீடு. கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பியூலா போன பிறகு தனியாள். பல வருடமாகக் கவுட் எனும் மூட்டு நோய், அதுவும் அந்த ஒற்றை விரலில். வந்துவிட்டால் மின்விசிறிக் காற்றுப் பட்டாலே உயிர் போகும். தலையணை மேல் தூக்கி வைத்துத் தாங்க வேண்டும். "எனக்குப் பொண்ணு கிடையாது சார். இதுதான் மாப்பிள்ளை. சொல்லாம வரும், வந்தா மெத்தை கேக்கும், கொஞ்சம் மரியாதை குறைஞ்சாலும் முறைச்சுக்கும்" என்பார். கறுப்பு ஷூ ஒன்றில் கட்டைவிரல் இருக்கும் இடத்தை பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வந்திருக்கும் நாட்களில் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போய்ப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார்.

அந்த மாப்பிள்ளை வந்தால்தான் மகன் வருகிறான். ஜெர்சன் இருப்பது நாவலூரில், கூப்பிடு தூரம்தான். ஆனாலும், "மேடவாக்கம் சிக்னலைத் தாண்டறதுக்குள்ள தாவு தீந்துடுதுப்பா" என்பான். கால் வீங்கிவிட்டது என்று சொன்னால் மட்டும் அந்தச் சிக்னல் எப்படியோ திறந்துகொள்ளும். மனைவி ஹெப்சியையும் மகள் ஆஷாவையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே வந்து நிற்பான். கால்மாட்டில் உட்கார்ந்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பான். ஹெப்சி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். தாத்தாவின் விரலைத் தொடாமல் அதன் மேல் ஊதிவிடுவது ஆஷாவின் வேலை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் அந்த நாட்களில்தான் தேவானந்தம் சந்தோஷமாக இருப்பார்.

வலிக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், அது அவரால் முடியாது. வேலையில் இருந்த காலத்தில் பொய்யாக ஒரு மெடிக்கல் லீவு போட்டதில்லை. பேருந்தில் கண்டக்டர் மறந்துவிட்டால் கூட்டத்தில் நீந்திப் போய் டிக்கெட் வாங்குகிற மனிதர்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் பழைய முகம் ஒன்று இருந்தது. கோல்சிசின். "இது என் கால் மாத்திரையாச்சே டாக்டர்?" என்று கேட்டார். "அதேதான் சார். நம்ம செங்காந்தள் செடியில இருக்கிற மருந்துதான். மூட்டு வீக்கத்தைத் தணிக்கிற மாதிரி ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற அழற்சியையும் தணிக்கும். உங்களுக்கு அடுத்த அட்டாக் வர்ற அபாயம் குறையும். தினம் ஒண்ணு, சின்ன டோஸ்தான். கால் நல்லாருக்குன்னு நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

ஒழுங்காக விழுங்கினார். மாப்பிள்ளை வருவது நின்றது. கூடவே மகன் வருவதும் நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் மட்டும் வரும். "கால் எப்படிப்பா இருக்கு?" என்பான். "நல்லாருக்குடா" என்பார். "அப்ப சரிப்பா. இந்த வாரம் கொஞ்சம் டைட். அப்புறம் வர்றேன்." ஒரு நாள் அந்தப் போனை வைத்த கையோடு மாத்திரையை எடுத்துப் பால்கனிச் செம்பருத்தித் தொட்டியில் போட்டார். மறுநாளிலிருந்து தினமும் அங்கேதான். செடியிலிருந்து வந்தது செடிக்கே போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஃபிரெடி கறிக்கடையில் கவுட்டுக்கு ஆகவே ஆகாத ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டார். பொய் சொல்லத் தெரியாதவர் நிஜமாகவே நோயை வரவழைக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் ஊருக்குப் போகும் நாட்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி. இந்த வெள்ளிக்கிழமை பூப்பறிக்க வந்தவர் தொட்டி மண்ணில் கிடந்த மாத்திரைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் சார், செம்பருத்திக்கும் ஹார்ட்ல கோளாறா?"

தேவானந்தத்துக்கு வாயில் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மாமி பூக்கூடையைக் கீழே வைத்தார்.

"போன வாரம் மாடிப்படியில நெஞ்சைப் பிடிச்சுண்டு நின்னேளே, நான் பாத்துண்டுதான் இருந்தேன். புள்ளை வரணும்னு இதெல்லாம் பண்றேள். அவன் வரச்சே நீங்க இருக்க வேண்டாமா?"

"வேற என்ன வழி மாமி?"

"மாத்திரையை முழுங்கிட்டு, கால் வீங்கிடுத்துன்னு சொல்லுங்கோ."

"பொய்யில்ல அது?"

"பொய்தான். அதுக்கெல்லாம் அட்டாக் வராது." கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் போன் அடித்தபோது மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. தேவானந்தம் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகுதான் போனை எடுத்தார்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

அடிக்குரலில் பாடிப் பழகிய குரல் கிறீச்சென்று வந்தது. "வீங்கியிருக்குடா."

"ஐயோ. அசையாம இருங்க, தோ கிளம்பிட்டோம். ஆஷா, தாத்தா வீட்டுக்குப் போறோம், செருப்பைப் போடு!"

போன் அணைந்தது. வெளியே தாம்பரம் போகும் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. வீட்டில் பார்ப்பதற்கு யாருமில்லை. தேவானந்தம் கட்டிலில் சாய்ந்து, வலியே இல்லாத அந்த வலது காலை இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கித் தலையணை மேல் வைத்தார்.